ரஃபியா கயிற்றில் ஒரு பேனா

ஜெலுத்தோங் பூப்பந்து மண்டபத்தில்
வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு
மேசை போட்டோம்.
சட்டமன்றத்துக்கு யாரை நிறுத்தலாம் என்று
கட்சி முதன்முறையாக
எங்களைக் கேட்டிருக்கிறது.
கேட்டவர்கள்
பேனா கொண்டுவர மறந்துவிட்டார்கள்.
என் கைப்பையில் கிடந்த ஒன்றை
ரஃபியா கயிற்றால் மேசைக்காலில் கட்டினேன்.

பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து
நேராக வந்திருந்தேன்.
மேலங்கியின் கைநுனியில்
இன்னும் ஈயப் புகை.

மூன்று பேர் நின்றார்கள்.

இளஞ்சேரன், வழக்கறிஞர்.
கடலைத் தூர்க்கிறவர்களை எதிர்த்து
மீனவர்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடியவர்.
அவர் பேசினால் மின்விசிறிகூட
நின்று கேட்கும்.
கைப்பேசியில் அழைத்தால்
உதவியாளர் கேட்பார்.

நூர் ஹஃபீசா.
எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி செத்துக் கிடந்த
பதினொரு நாளும்
பதினாலாம் மாடிக்கு கேஸ் தோம்பு ஏறியது
அவர் ஆட்களின் தோளில்.
ஒருநாள் படிக்கட்டில் மறித்துக் கேட்டேன்:
என் வரிசையில் நிற்கும் நேப்பாளப் பையன்களின் கடப்பிதழ்
முதலாளியின் இழுப்பறையில் இருக்கிறதே,
அதைப் பேசுவீர்களா?
“நந்தி லா, காக்” என்றார்.
மலாயில் நந்தி என்றால் பிறகு.
தமிழிலும் அது
வாசலை மறைத்துத்தானே உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாமவர் டத்தோவின் மருமகன்.
சட்டை நன்றாக இருந்தது.

வாரம் முழுக்கக் கோப்பிக் கடையில் சண்டை.
“கொள்கை வேண்டாமா?” என்றாள் சந்திரமதி.
“கொள்கை வந்து தோம்பு தூக்குமா?” என்றான் மோசஸ்.
“தோம்பு தூக்க ஆள் வேண்டுமென்றால்
லோரிக்காரனை நிறுத்து.”
“நீதிமன்றத்தில் பேச ஆள் வேண்டுமென்றால்
நீதிமன்றத்திலேயே இருக்கட்டும்.”
தே ஓ ஆறி, ஐஸும் கரைந்து,
கடைக்காரர் எங்கள் மேசைக்கடியில்
விளக்குமாற்றை விடத் தொடங்கினார்.
பிரிந்து போட்டால் மருமகன் வந்துவிடுவான்,
ஒருவருக்கே போடுவோம் என்றேன்.
போடலாமே என்றார்கள் இரண்டு பேரும்.
யாருக்கு என்று கேட்டேன்.
மறுபடி முதலிலிருந்து.

என் முறை வந்தது.
தாளில் அந்த இரண்டு பெயருக்கும் நடுவே
விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை.
அங்கே கொஞ்ச நேரம் குடியிருந்தேன்.
பின்னால் யாரோ செருமினார்கள்.

மாலை எண்ணினோம்.
இளஞ்சேரன் நாற்பத்தொன்று.
ஹஃபீசா முப்பத்தொன்பது.
மருமகன் நாற்பத்து நான்கு.
எண்பதைவிட நாற்பத்து நான்கு பெரிது என்பதை
எந்தப் பள்ளியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
செல்லாதது ஒன்று:
இரண்டு பெயரையும் சேர்த்துச் சுற்றி
நிதானமாக ஒரு வட்டம்,
கோலத்துச் சுழி மாதிரி.
யாரம்மா இது என்று
மேசைச் சுற்றிலும் பார்த்தார் அதிகாரி.
மை என் பேனாவுடையது.
எல்லாருடைய மையும்
என் பேனாவுடையதுதான்.
நான் குனிந்து
முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே மழை.
சந்திரமதியும் மோசஸும் பேசிக்கொள்ளவில்லை.
ஆனால் இருந்தது ஒரே கஞ்சில்,
மோசஸுடையது,
அதில் அவள் பக்கத்துக் கண்ணாடி
முழுதாக ஏறாது.
கோர்ட்டு வேலை என்றால்
இதையும் வாதாடி மூடு என்று
அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
ஹஃபீசாவின் துண்டறிக்கையை நாலாக மடித்து
இடுக்கில் செருகினான்.
போதவில்லை.
சாலைவிளக்கு இரண்டு தாண்டும்வரை
சும்மா இருந்தாள் அவள்.
பிறகு பையைத் திறந்து
இளஞ்சேரனை எடுத்து மடித்து
அதன் பக்கத்தில் சொருகினாள்.

அப்படியும் கொஞ்சம் ஒழுகியது.