ஒன்றுவிட்ட நாள்

வெள்ளறடையில், உரக்கடைக்கு மேல்மாடியில்
பெண்களுக்குப் பதினொன்றிலிருந்து ஒன்று வரை.
பத்துகாணியிலிருந்து பஸ் கிடைத்தால் பஸ்,
இல்லையென்றால் நாலுபேர் சேர்ந்து ஆட்டோ.
எல்லையில் யாரும் எதுவும் கேட்பதில்லை.
கடைப்பலகையில் எழுத்து உருண்டையாகும்,
அவ்வளவுதான்.

"எலும்பு தேய்ந்திருக்கு, பாரம் தூக்குங்க"
என்றார் குலசேகரத்து டாக்டர்.
சிரித்துவிட்டேன்.
பதினாறு வருஷமாய் முன்னூற்றிருபது ரப்பர்மரம்,
ரெண்டு கையிலும் பால்வாளி,
சரிவேறி உறைபோடும் கொட்டகைவரை.
அதென்ன பின்னே, பூக்கூடையா?

"வாளி வருஷத்துக்கு வருஷம் கனக்கிறதா?"

இல்லை.
சொல்லப்போனால் குறைந்துதான் வருகிறது.
மரத்துக்கும் வயசாகிறதே.

சஜிலாவிடம் ஒரு நீலநோட்டு.
முதல் மாசம் எனக்கு வெறும் கம்பி,
அப்புறம் பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ,
தங்கம் நிறுப்பதுபோல் கூட்டுவாள்.
"ஆழ்ச்சையில் எத்தனை நாள் வரணும்?" என்றேன்,
பாதி அவள் பாஷையில்.
"மூணு மதி சேச்சி. ஒருநாள் விட்டு ஒருநாள்."

இது எனக்குத் தெரிந்த கணக்கு.
இன்றைக்கு வெட்டு, நாளைக்குச் சும்மா.
சும்மா நிற்கும் நாளில்தான்
பட்டைக்குள் பால் ஊறும்.
தெரியும்.
மரத்துக்குத் தெரியும்.

ஆனியில் மழை பிடித்தது.
விற்கிற விலைக்கு மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்ட
முதலாளிக்கு மனசில்லை.
பதினொரு நாள் வெட்டில்லை,
வீட்டில் எட்வினும் டிவியும்.
குடையை எடுத்துக்கொண்டு தினமும் போனேன்.
வியாழன் உட்கார்ந்தெழுதல்,
வெள்ளியும் அதே,
சனி தோளுக்கு.
ஞாயிறு ஜிம் பூட்டு;
கோயில் விட்டு வந்து
அரிசிச்சாக்கைத் தூக்கித் தூக்கி வைத்தேன்.
எட்வின் டிவியை அணைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை,
போன வாரம் சிரித்துக்கொண்டே தள்ளிய கம்பி
நெஞ்சைவிட்டு எழவில்லை.
சஜிலா ரெண்டே விரலால் தூக்கி மாட்டினாள்.
நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.
மறுநாள் சீப்பு காதுக்குமேல் ஏறவில்லை.
எட்வின்தான் முடி கட்டிவிட்டார்,
ஆட்டைக் கட்டும் அதே முடிச்சு.

மேற்கே ஜெயசிங்கின் தோட்டம்.
குத்தகை முடிகிற வருஷம்,
மரம் இனி அவனுக்கில்லை.
அதனால் தினமும் வெட்டுகிறான்,
சிலதில் ரெண்டு பக்கமும்.
"பாவி, மரம் பட்டுப்போகும்லே" என்று
வேலிக்கிப்புறம் நின்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்.
பட்ட மரத்தைக் கத்தி கீறினால்
ஒரு பழுப்புக்கோடு, பால் வராது.
அன்றைக்கு ஆட்டுமுடிச்சோடு
கண்ணாடிமுன் நின்று
என் தோளை அப்படித்தான் பார்த்தேன்.
இந்தக் குத்தகை எனக்கு எந்த வருஷம் முடிகிறது,
இத்தனை அவசரம்?

இப்போது திங்கள், வியாழன்.
மழையில்லாத வாரம் பெரும்பாலும் அவ்வளவே;
வெட்டும் சரிவும் மிச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும்.
மழைவாரம் சனியும் உண்டு.
நாத்தனார் மகள் கல்யாணத்து வாரம் ஒரேநாள்.
"ஒண்ணும் கணக்குதான்" என்று எழுதிக்கொண்டாள் சஜிலா.
தரையிலிருந்து எடுப்பது நாற்பதாகியிருக்கிறது.
முதலாளியின் மகன் நாற்பதை எடுத்து
நான் பார்த்ததில்லை.

இன்றைக்குச் செவ்வாய். தொடை வலிக்கிறது,
நல்ல வலி, உட்காரும்போது மட்டும்.
பால் எடுத்து முடித்துத் திரும்பும்போது
பின்னால் சிரட்டைகளில் இன்னும்
சொட்டிக்கொண்டுதான் இருந்தது,
வாளிக்கு வராத பால்.
காய்ந்து ஒட்டுப்பாலாகும்.
உரித்தெடுத்து நிறுத்தால்
அதற்கும் விலை உண்டு.