நிற்கிற கார்

ஆரையம்பதியில் ஓடாத காருக்கு
முழுக் காப்புறுதி கேட்டவள் நான்தானாம்.
காத்தான்குடியிலிருந்து வந்த ஹில்மி
படங்கை விலக்கி நாலு பக்கமும் படமெடுத்தார்.
கண்ணாடியில் என் உடுப்புக்கொடியும் விழுந்தது.

ஓட்டுபவர் பெயர்?
நான்தான்.
லைசன்ஸ்?
ட்ரயலில் இரண்டுதரம் பெயில்,
ரிவர்சில் கம்பத்தில் முட்டிவிட்டேன்.

பேனையை மூடினார்.
"மூன்றாம் தரப்பு போதும் அக்கா,
நிற்கிற வாகனத்துக்கு என்ன வரப்போகுது?"

நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன்.
பரிமளகாந்தி வீட்டுத் தென்னை,
மதிலுக்கு இந்தப்பக்கம் எட்டுக் குலை.
போன மார்கழி வெள்ளம்
குசினிப்படிவரை வந்த அடையாளத்தைக் காட்டினேன்.
பொனட்டைத் திறந்தால்
பற்றரிக்குப் பக்கத்தில் பூனை மூன்று குட்டியோடு.
அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார்,
சிரிக்காமல்.

கடைசிச் சீட்டுக்காசு பிரீமியத்துக்குப் போனது.

இரவு, கரண்ட் இல்லை.
படங்குக்குள் புகுந்து ஏறிக் கதவடைத்தேன்.
திறப்பைப் போடவில்லை.
பெல்டை மட்டும் இழுத்துக் கொளுவினேன்.
பின்னால் கிணறு இருக்கிறது, தெரியும்.
அதைத் தொடாமல்
ஒருக்கா மனசுக்குள் பின்னுக்கு எடுத்தேன்,
மெதுவாய்,
முன்னால் குட்டிகள் எழும்பாதபடி.