கடலேறிக்குப் பல்வலி

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குப் பின்னால்
ஐஸ் கம்பெனியில் எனக்கு இரவு ஷிப்ட்.
டோக்கன் கிழிப்பேன். பார் எண்ணுவேன்.
ஒரு போட்டுக்கும் அடுத்த போட்டுக்கும் நடுவே
பற்றுவரவு நோட்டின் பின்பக்கத்திலிருந்து
ஏழாம் கடலுக்கு ஆள் அனுப்புவேன்.

பேர் கடலேறி.
உயரம் பாய்மரத்தில் பாதி.
ஒரே வீச்சில் மூன்று சுறாமுகர்களைச் சாய்ப்பான்.
பொய் சொல்ல மாட்டான், தூங்க மாட்டான்,
யாரிடமும் கடன்பட்டதில்லை.
எட்டு அத்தியாயம் அப்படியே போனான்,
கிரீஸ் போட்ட உருளை மாதிரி.

கிரஷர் ஓட்டும் ஜெனிஷ்தான் முதல் வாசகன்.
பனித்தூள் ஒட்டிய விரலால் பக்கம் புரட்டி
ஒன்றே ஒன்று கேட்டான்:
"எக்கா, இவன் மோளுறதே இல்லியா?"

மூன்று நாள் அவனோடு பேசவில்லை.
நாலாம் நாள் கடலேறிக்குப் பல்வலி கொடுத்தேன்.
இடது கடைவாய், கீழ்வரிசை.
கடித்துக்கொள்ள ஒரு கிராம்பும் தந்தேன்.
"இது போட்டுல ஒட்டுன ஸ்டிக்கராக்கும்," என்றான் ஜெனிஷ்.
"மழ பேஞ்சா போவும்."
சரிதான். அடுத்த சண்டையில்
பல்வலியை நானே மறந்திருந்தேன்.

அந்த வாரம் ததேயூஸ் ஐஸ் ஏற்ற வந்தார்.
வள்ளவிளைக்காரர். நாற்பது நாள் தங்கல்,
முன்னூற்றி இருபது பார்.
கவிழ்ந்த போட்டின் முதுகில் மூன்று பகல் கிடந்தவர்;
அதைக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டதுபோல் சொல்வார்.
எண்ணிப் பார்க்கக் குளிரறைக்குள் போகணும்.
போனார்.
முழுதாகப் போகவில்லை.
இடது கால் வாசலிலேயே நின்றுவிட்டது,
இரும்புக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே
அடித்த ஆப்புபோல.
உடம்பை மட்டும் நீட்டி எட்டி எட்டி எண்ணினார்.
பேச்சில் சிரிப்பு குறையவில்லை.
கால் மட்டும் தனியாக எதையோ நினைத்துக்கொண்டிருந்தது.

பின்வரிசை கண்ணுக்கு எட்டவில்லை.
"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் பிள்ளே,"
கையெழுத்துப் போட்டார்.
உள்ளே இருந்தது முன்னூற்றிப் பதினாறு.
எனக்குத் தெரியும்.

போட்டு கிளம்பியது. அமோனியா நெடியில் உட்கார்ந்து
ஒன்பதாம் அத்தியாயத்தைக் கிழித்தேன்.
குகை வாசலில் கடலேறி நிற்கிறான்.
உள்ளே பூதம். கைதிகள் நூறு பேர்.
தானாக மூடிக்கொள்ளும் கல்கதவு.
கேடயத்தைக் கழற்றுகிறான்,
கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகுகிறான்.
யாரும் கேட்காமலே
"பாரமா இருக்கு," என்கிறான் தோழர்களிடம்.
அவன் சொன்ன முதல் பொய்.

பிறகு நான் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருக்கவில்லை.
கேடயம் இல்லாதவன் எந்தச் சுவரோரம் ஒதுங்குவான்,
முதல் ஈட்டியை எந்தத் தோளில் வாங்குவான்,
வாசல் வெளிச்சம் மறையும் வளைவில்
எவ்வளவு நேரம் நிற்பான் —
அவனே போனான்.
நான் பின்னால் எழுதிக்கொண்டே ஓடினேன்.
கதவென்றால் ஏன் பயம் என்று
ததேயூஸிடம் நான் கேட்டதில்லை.
கடலேறியும் சொல்லவில்லை.

ஜெனிஷ் நின்றபடியே படித்தான்.
கிரஷர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.
"உள்ள போயிட்டானா?"
"போயிட்டு இருக்கான்."
"கேடயத்த எவனாவது எடுத்துரப் போறான் எக்கா."

ஓர் இடம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.
குகைக்குப் போகும் வழியில் ஒருத்தி,
வழிச்செலவுக்குப் பொன் எண்ணித் தருகிறவள்,
நாலு பொன் குறைத்துத் தருகிறாள்.
முதலில் அவள் சூனியக்காரி. சிவந்த கண், நீண்ட நகம்.
அதையெல்லாம் அடித்துவிட்டேன்.
இப்போது அவளிடம் ஒரு மேஜை விளக்கு இருக்கிறது,
மை காய்ந்த ஒரு முத்திரை,
மாதம் முடிந்தால் சம்பளம்.
குறைவது தெரிகிறது. வாய் திறக்கவில்லை.
ஏன் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது.

நாற்பது நாள் தங்கலில்
இன்று பதினோராம் நாள்.
அவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை.