ஒரு மார்க் கேள்வி

கஞ்சிக்கோட்டில் உருக்காலைக்குப் பின்புறம்
பழைய இரும்பு யார்டில்
காந்தக் கிரேன் ஓட்டுகிறேன்.
வேலந்தாவளத்திலிருந்து தினமும் எல்லை தாண்டி வருகிறவள்;
செக்போஸ்ட்டில் என் டிபன் பையை
இதுவரை யாரும் திறக்கச் சொன்னதில்லை.

நாற்பதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு.
கைக்கருகே ஒரு சிவப்புப் பொத்தான்.
அழுத்தினால் தட்டுக்கு உயிர் வரும்:
சைக்கிள் ரிம், கட்டில் கால், லாரி ஸ்பிரிங்,
யார் வீட்டு ஜன்னல் கம்பியோ
துள்ளி வந்து ஒட்டும்.
போன மாதம் ஒரு பூட்டு, சாவியோடு.
பொத்தானை விட்டால் எல்லாம் விழும்.
தூக்குவதற்கு இல்லை எனக்குச் சம்பளம்,
சரியான இடத்தில் விழவிடுவதற்கு.

மார்கழி பிறந்தால் கணவாய்க் காற்று
கோயமுத்தூர்ப் பக்கமிருந்து இரைந்துகொண்டு வரும்.
சொட்டு ஈரமில்லாத காற்று.
நைலான் துப்பட்டா முழங்காலை விடாது,
சீப்பு எடுத்தால் முடி எழுந்து நிற்கும்,
ஏணியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்.
கீழே பிகாஷ் டீயை நீட்டுவான்,
எவர்சில்வர் டம்ளர், அதற்கும் ஒரு சுருக்.
இரண்டு பேரும் கையை உதறுவோம்.
அவன் ஒடியாவில் எதையோ திட்டுவான், நான் தமிழில்.
சூப்பர்வைசர் ஷிஜு மலையாளத்தில் எங்களிருவரையும்.

வியாழக்கிழமை ஒரு மினி லாரி
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின்
ஆய்வகத்தை அப்படியே கொட்டிவிட்டுப் போனது.
இரும்புத் தாங்கிகள், கப்பிகள், செம்புக் கம்பிச் சுருள்கள்,
துருவேறிய லாடக் காந்தம் இரண்டு
ஒன்றையொன்று கவ்வியபடி.
ஒரு சுருள்வில் தராசு.
கொக்கியில் ஒன்றும் இல்லை,
முள் முந்நூறு கிராமில் நின்றது,
எந்த வகுப்போ தொங்கவிட்ட கல்லை
இன்னும் இறக்காதது போல.

பத்தாவதில் எனக்கு அறிவியலில் முப்பத்தாறு.
காந்தம் ஈர்க்காத பொருள் எது?
இரும்பு, நிக்கல், கோபால்ட், செம்பு.
யோசிக்காமல் வாங்கிய ஒரு மார்க்.

தட்டை இறக்கினேன். ஏற்றினேன்.
ரெண்டு டன் இருக்கும்.
சுமைக்குக் கீழே நிற்காதே என்று
மூன்று மொழியில் பலகை இருக்கிறது.
பிகாஷுக்கு வாசிக்கத் தெரிந்த மொழி அதில் இல்லை.
நின்றான்.
ஹார்ன் அடித்தேன்,
காற்று அதைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.
காந்தம் வேண்டாமென்று தரையில் விட்டுவந்த
செம்புச் சுருள் ஒன்று வெயிலில் மின்ன,
குனிந்தான், நாலு எட்டு நகர்ந்தான், எடுத்தான்.

கரண்ட் போனது.
பேட்டரி செத்து ஆறு மாதம்.

அந்தச் சத்தத்தை எழுத என்னால் ஆகாது.
தூசி அடங்கியபோது
அவன் நின்ற இடத்தில் தாங்கிகள் மண்ணில் குத்தி நின்றன.
அவன் நாலு எட்டு தள்ளி
சுருளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு
என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தான்.
வெறும் தட்டு. லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

என் விசை
ஒரு ஃப்யூஸ் போனால் செத்துப்போகிற விசை.
கீழே இருக்கிறதே, அதற்குப் பவர்கட் கிடையாது,
பொத்தானும் கிடையாது.
இரும்பா செம்பா என்று அது கேட்பதில்லை.
ஆளா என்றும்.

ஷிஜு பதிவேட்டில் ஒன்றும் எழுதவில்லை.
சனிக்கிழமை புது பேட்டரி வந்தது,
பில்லில் மட்டும் போன மாதத் தேதி.
பிகாஷ் அந்தச் செம்பை எடைக்குப் போடவில்லை.
மறுநாள் டம்ளர் சுருக்கென்றபோது
அவன் கையை எடுக்கவுமில்லை.

குவியலோரம் கிடந்த தராசை
டிபன் பையில் போட்டு எல்லை தாண்டினேன்.
அன்றும் யாரும் திறக்கச் சொல்லவில்லை.

வீட்டில் ஆணியில் மாட்டியதும்
நங்கை வசுமதி வந்து
கடையில் வாங்கிய அரைக்கிலோ கத்திரிக்காயைத் தொங்கவிட்டாள்.
எழுநூற்றைம்பது.
"அட, கால்கிலோ சேத்துப் போட்டிருக்கான்,
தங்கமான மனுசன்."

வில் நீண்டுபோன தராசு அது,
முந்நூறு கழிச்சுக்கோ, என்றேன்.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள்.
செருப்பை மாட்டிக்கொண்டு
கடைக்குக் கிளம்பினாள்.