வலது ஓரம்

ஸ்டான்லி வீதியில் எங்கள் கடை.
பத்துக்கு ஆறடிப் பதாகை ஒரு மணித்தியாலத்தில்.
கரண்ட் நின்றால் சொல்லேலாது.

நிமலேந்திரன் சேருக்கு முதல் பதாகை
போன மாசியில் அடித்தோம்.
கனடாவால் வந்த கலாவித்தகரை
வருக வருக என்று
பலாலி வீதி நீளத்துக்கும் கட்டினார்கள்.
படம் கொண்டுவந்தவர் விழாக்குழுச் செயலாளர்.
"வலப்பக்கம் நிக்கிற பெட்டையை எடுத்துவிடு பிள்ளை,
சேர் தனிய நிக்கவேணும்."

எடுத்தேன்.
முடிக்குத்தான் நேரம் பிடித்தது.
காற்றில் பறந்துகொண்டிருந்தது,
இழை இழையாய் வெட்டவேண்டியிருந்தது.
அவள் போன பிறகும் அவருடைய கை
அந்த இடத்திலேயே நின்றது,
இடுப்பளவில்,
ஒன்றுமில்லாததைப் பிடித்தபடி.
பொன்னாடையின் சரிகையை இழுத்து
கையை மூடினேன்.
நல்லாய் வந்திருக்கு என்றார் முதலாளி.

வைகாசியில் செய்தி வந்தது.
பாலியல் சேட்டை என்று போட்டிருந்தார்கள்.
தங்கச்சியின் மகன் சீனிப்போத்தலை உடைத்தாலும்
எங்கள் வீட்டில் சேட்டைதான்.

பெயரை வெளியிடக்கூடாது என்றது மன்று.
ஒருவரும் வெளியிடவில்லை.
கோண்டாவில், இரண்டாம் ஒழுங்கை,
தகப்பன் இல்லை, சிவப்பு ஸ்கூற்றி,
பக்கப்பாட்டுக்காரி என்று மட்டும்
சொல்லிக்கொண்டார்கள்.

காலையில் மகளிர் அமைப்பு:
நீதி வேண்டும், எட்டுக்கு மூன்று.
முகத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
பின்னேரம் ரசிகர் மன்றம்:
புகழ் பொறுக்காதோரின் சதி, பன்னிரண்டுக்கு எட்டு.
கோடு இல்லை.
இரண்டுக்கும் ஒரே படத்தைத்தான் திறந்தேன்.
மைக்குப் பக்கம் தெரியாது என்று
முதலாளி முற்பணத்தை எண்ணினார்.

பதினான்கு நாள் விளக்கமறியல்.
பிறகு இரண்டு சரீரப் பிணை, பயணத்தடை.
நீதிமன்ற வாசலில் மாலை போட்டார்கள்,
சீனவெடி கொளுத்திய ஒருவரைப் பொலிஸ் அதட்டியது.
அவர் பெயர் வைத்த மண்டபத்தில்
பலகையைக் கழற்றாமல் சீலையால் மூடினார்கள்.
தீர்ப்பு எந்தப் பக்கமும் வரலாமாம்.

அடுத்த கிழமை அவள் கடைக்கு வந்தாள்.
முறைப்பாட்டின் பிரதி, ஐந்து பக்கம், மூன்று செற்.
முகம் எனக்குத் தெரியும்.
முடி இன்னும் நல்லாய்த் தெரியும்.
தாள்களைக் கவிழ்த்துவைத்தே எடுத்தேன்,
எழுத்து என் கண்ணில் படாதபடி.
நூற்றைம்பது ரூபா.
காயப்போட்டிருந்த பன்னிரண்டுக்கு எட்டை
நிமிர்ந்து பார்த்தாள்.

"இது நீங்களோ செய்தது?"

"ஓம்."

"இதில நானும் நிண்டனான்."

மிச்சக்காசை வாங்க மறந்து போனாள்.

அன்றிரவு பழைய கோப்பைத் திறந்தேன்.
ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில்
சின்னதாய் ஒரு கண் இருக்கும்.
மூடியிருந்த கண்ணை அழுத்தினேன்.
வந்து நின்றாள்.
சிரிக்கச் சொன்னதற்குச் சிரித்திருக்கிறாள்.
ஆனால் முழங்கை,
அவர் விலாவுக்கும் தனக்கும் நடுவில்
முட்டுக்கட்டையாய் நிற்கிறது.
முடி வெட்டிய மூன்று மணித்தியாலமும்
அந்த முழங்கையை நான் காணவில்லை.

பென்ட்றைவை அவளுடைய சட்டத்தரணியிடம் கொடுத்தேன்.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை,
கடைத் திறப்பை மட்டும் திருப்பி வாங்கினார்.
அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை.

வழக்கு கார்த்திகைக்குத் தவணை.
சாட்சிப் பட்டியலில் பதினோராவது பெயர் என்னுடையது.
எதிர்த்தரப்பில் கொழும்பிலிருந்து பெரிய ஆள் வருகிறாராம்.
என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.
"ஆளை எடுக்கவும் கையை மறைக்கவும் தெரிந்த உங்களுக்கு
ஆளை வைக்கவும் தெரியும்தானே?"

தெரியும்.
பொய் சொல்லேலாது, சத்தியம் பண்ணியிருப்பேன்.