டெனன்ட்டோ

கார்டீனா, வெஸ்டர்ன் அவென்யூ.
ஒரே கூரைக்குக் கீழே ஒன்பது கடைகள்.
நான்காவது என்னுடையது: உடைந்த செல்போன் திரைகள்.
ஐந்தாவது ஹிசாயேயின் சாவிக் கடை.
ஆறாவது காலி. கண்ணாடியில் ஒரு தாள்
வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கிறது.

"டெனன்ட்டோ இன்னும் வரவில்லை" என்றார், தாளைக் காட்டி.
அவர்கள் மொழியில் கடை எடுப்பவர்தான் டெனன்ட்டோவாம்.
வீட்டுக்கு வாடகை தருபவருக்கு வேறு சொல்.
"இங்கிலீஷ்காரன் இரண்டு பேரையும்
ஒரே அறையில் போட்டுவிட்டான்."

வல்லின மெய்யோடு ஒரு சொல்லை நிறுத்த
அவர் நாக்குக்கும் வராது, என் நாக்குக்கும் வராது.
அவர் ஒகரத்தை முட்டுக்கொடுக்கிறார்.
நாங்கள் 'டெனண்டு' என்போம்:
கடைசியில் ஒரு குற்றியலுகரம்,
அரை மாத்திரைக்கு வாடகைக்கு வந்தது.

"குடிக்கூலி என்றும் சொல்வோம்" என்றேன்.
குடி என்றால்?
"இருப்பது. தூங்குவது. ரசம் வைப்பது."
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கம்:
இரவில் யாரும் தங்கக் கூடாது.
திரைச்சீலைக்குப் பின்னால் என் மடக்குக் கட்டில்.
அவர் பார்த்திருக்கிறார்.
கேட்டதில்லை.

வியாழக்கிழமை, மணி ஏழுகூட ஆகவில்லை.
பின்கதவில் சாவிக்கொத்தால் தட்டும் சத்தம்:
"டெனன்ட்டோ-சான்! டெனன்ட்டோ-சான்!"
முன்னால் மேலாளரின் வெள்ளை வண்டி
திரும்பிக்கொண்டிருந்தது.

கட்டிலை மடித்தேன். சட்டையை மாட்டினேன்.
கதவைத் திறந்தபோது
நான் வெறும் கடைக்காரன்.

உள்ளே குக்கர்
இரண்டாவது விசிலுக்கு
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.