மாதம் முந்நூற்று நாற்பது

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
கொம்யூன் ஆபீஸிலிருந்து வந்த தில்லைக்கரசி
முதலில் மின்விசிறியை எண்ணினாள்.
ரெண்டு.
ஒன்று சுற்றாது என்றேன்.
சுற்றாததற்குத் தனிக் கட்டம் இல்லை, அண்ணே,
என்று சிரித்து, பாவம், ரெண்டென்றே போட்டாள்.

நோணாங்குப்பத்தில் ஆற்றுக்கு முதுகு காட்டிய வீடு.
கழிமுகத்தில் தண்ணீர் ஏறினால்
சேற்று வாடை கட்டில்வரை வரும்.
அதற்கும் கட்டம் இல்லை.

வரவு என்ற இடத்தில் என்னை எழுதினாள்:
தேசிங்கு, ஐம்பத்திரண்டு, பேக்கரி அடுப்பு,
இரவு பத்திலிருந்து காலை ஆறு.
அக்காவுக்குப் பண்டகசாலை பென்ஷன்,
சொன்னால் வெட்கம், சொன்னேன்.
செலவுக்கு வந்தபோது
மாத்திரையைச் சத்தமாகவும்
டயப்பரைத் தாழ்ந்த குரலிலும் சொன்னேன்.
அப்படியும் கேட்டுவிட்டது அவளுக்கு.
"அது விருந்தாளி வீட்டுக் குழந்தைக்கு வாங்குனது."
எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து
மூன்று வருஷம் ஆகிறது.

முந்தின நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.
படுத்தே இரு. எழுந்திருக்காதே.
ரெண்டு முனகல் முனகினாலும் தப்பில்லை.
காலையில் மாவு ஒட்டிய கையோடு வந்து பார்க்கிறேன்:
நாற்காலியில் இருக்கிறாள் அஞ்சலாட்சி.
மடிப்புக் கலையாத சேலை,
கோணாத வகிடு,
எல்லாம் ஒற்றைக் கையால்.
ராத்திரி எத்தனை மணிக்குத் தொடங்கினாளோ.
ஜாக்கெட்டில் மட்டும் ஒரு கொக்கி
பக்கத்து ஓட்டையில் மாட்டியிருந்தது.

தானே சாப்பிடுவீங்களா?
"பின்ன, நீயா ஊட்டுவ?"
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு?
"வந்துதானே உட்கார்ந்திருக்கேன்."
பதினேழாவது கேள்வி, கழிப்பறை.
அவள் காலண்டரைப் பார்த்தாள்.
"அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல."

நான் வாயைத் திறந்தேன்.
நல்ல கை வந்து என் சட்டை நுனியைப் பிடித்தது.

முப்பது வருஷம் ரேஷன் கடையில்
அரிசி நிறுத்துப் போட்ட கை அது.
முள் அசைவு அடங்கும்வரை
பையை எடுக்க யாரையும் விடமாட்டாள்.
கால் கிலோ கூடப் போடச் சொன்ன பெரிய மனுஷனிடமும்
"முள்ளைப் பாருங்க" என்பாள்,
முகத்தைப் பார்க்காமல்.

கணக்கு முடிந்தது.
தேவை: குறைவு.
செவ்வாய், வெள்ளி, பத்திலிருந்து பன்னிரண்டு
ஒரு பெண் வருவாள்.
எங்கள் பங்கு மாதம் முந்நூற்று நாற்பது.
ஆட்சேபம் என்றால் பதினைந்து நாளுக்குள்.

அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பேன்,
தூங்கிக்கொண்டாவது இருப்பேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு,
நீள ரொட்டித் தட்டை நான் அடுப்புக்குள் தள்ளும்போதுதான்
இங்கே ஆள் வேண்டும்.
ராத்திரிக்கு? என்று கேட்டேன்.
ராத்திரி திட்டத்தில் வராதுண்ணே.
சொல்லிவிட்டு அந்தப் பெண்
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் பாலத்தில் ஏறி மறைந்தபிறகும்
அக்கா எழவில்லை.
எழ முடியவில்லை.
சேலை நனைந்திருந்தது.
எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை.
அக்குளில் கைகொடுத்துத் தூக்கி,
துடைத்து, மாற்றி,
கடைசியாக அந்தக் கொக்கியைக் கழற்றினேன்.

ஆட்சேபம் எழுதட்டுமா?
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள்
வெகுநேரம் கழித்துச் சொன்னாள்:
"எழுது.
அந்தப் பொண்ணு மேல குறை சொல்லி எழுதாத.
அது சரியாத்தான் நிறுத்துச்சு.
தட்டுல கட்டை விரலை வெச்சது நான்."

நாலு நாள் ஆகிறது.
வெள்ளைத்தாள் பிரிட்ஜ் மேல் இருக்கிறது.
'ஐயா' வரைக்கும் எழுதியிருக்கிறேன்.